பெருக்கல் குறி

ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையில் சுற்றித்
தன் நோட்டைக் கொண்டுவந்தாள் தோர்கன்.
ஹித்ரா தீவுக்காரி, இழுவைப்படகு ஓட்டுகிறவள்.
இருபத்தெட்டு வருடம் வலை கிழிந்த இடத்திலெல்லாம்
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி,
பக்கத்தில் தேதி, ஆழம், ஒரு கெட்ட வார்த்தை.
"முப்பத்தொன்று இருக்கிறது" என்றாள்.
"காப்பி இருக்கிறதா?"

நான் ஆய்வுக் கப்பலில் வரைபடம் போடுகிறவன்.
என் தொழில் காது கொடுப்பது.
கப்பலின் அடிவயிற்றிலிருந்து
ஒலியை விசிறியாய் விரித்து எறிகிறோம்.
முந்நூறு மீட்டர் இறங்கி
இருட்டில் எதையோ தொட்டுத் திரும்புகிறது.
சீக்கிரம் வந்தால் மேடு,
தாமதித்தால் பள்ளம்.
வீடு கூட்டுகிறவளைப் போல
மூலை விடாமல் இரவு முழுக்கப் போய் வந்தோம்.
விடிந்தபோது திரையில்
கடலுக்கு அம்மை போட்டிருந்தது.

அவள் குறிகளை அதன்மேல் வைத்தேன்.
ஒன்று பொருந்தியது.
இரண்டு.
மூன்றாவதற்கு சிவெர்ட் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கேமராவை இறக்கினான்.
பவளம் என்றால் சிவப்பு என்று
என் மொழி எனக்குச் சொல்லித் தந்திருந்தது.
இங்கே வெள்ளை.
சுண்ணாம்பு வெள்ளை, அங்கங்கே வெளிர் ஆரஞ்சு.
வெயிலைப் பார்த்தே இராத ஒரு தோட்டம்,
மேலேயிருந்து உதிர்வதைத் தின்று
வருடத்துக்கு ஒரு நகக்கண் அளவு வளர்கிறது.
பவளவாய் என்று பாடியவர்கள்
பாதிதான் சொன்னார்கள்:
பவளம் மொத்தமுமே வாய்தான்,
ஆயிரமாயிரம் வாய்,
எல்லாம் திறந்தபடி,
ஒன்றும் பேசாமல்.

ஏழாவது குறியில் தோட்டம் இல்லை.
உடைந்த பீங்கான் தட்டுகளைக்
குவித்துவைத்த மாதிரி ஒரு வெளி.
நடுவே நேராக இரண்டு சால்,
அருகருகே.
கல்லில் சிக்கிய பச்சை வலை,
அதன் விளிம்பில் சிவப்பு நூலால் போட்ட முடிச்சு.

தோர்கன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.
"என் முடிச்சு."
யாரும் எதுவும் சொல்லவில்லை.
"தொண்ணூற்றேழு, மார்ச்.
காப்பீட்டுக்காரனிடம் பாறை என்று எழுதிக் கொடுத்தேன்.
பாறை என்றுதான் நினைத்தேன்" என்றாள்,
கொஞ்ச நேரம் கழித்து,
"பாதி."

வலைக்குள்ளிருந்து ஒரு செம்மீன்
வீட்டுக்காரியைப் போல எட்டிப் பார்த்துவிட்டு
உள்ளே போனது.

பிற்பகலில் எல்லைக்கோடு போட உட்கார்ந்தோம்.
பவளத்தைச் சுற்றி அழகாய் ஒரு பெட்டி வரைந்தேன்,
அளவு சுத்தம்.
தோர்கன் சிரித்தாள்.
"இதில் படகுதான் வெளியே நிற்கும்.
வலை எங்கே இருக்கும் தெரியுமா?
ஆழத்தைப்போல் மூன்று பங்கு கம்பி.
நான் கோட்டுக்கு வெளியே நின்று காப்பி குடிக்கும்போது
என் வலை உள்ளே
உன் பூக்களை வாரிக்கொண்டிருக்கும்."
பென்சிலை வாங்கி
என் கோட்டை ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்தாள்.
படித்த எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கிலோமீட்டர்.

நோட்டை ஸ்கேன் செய்யும்போது கவனித்தேன்:
ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது.
கிழித்த ஓரம் புதிது, இன்னும் வெள்ளை.
நான் கேட்கவில்லை.

அன்றிரவு வடமேற்கே, எந்தக் குறியும் இல்லாத இடத்தில்
ஒலி சீக்கிரமாகத் திரும்பி வந்தது.
மேடு. பெரியது.
இதுவரை பார்த்ததில் எல்லாவற்றையும் விடப் பெரியது.
கேமரா வேண்டுமா என்று சிவெர்ட் என்னைப் பார்த்தான்.
நான் அவளைப் பார்த்தேன்.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்;
அங்கே தண்ணீரும் இருட்டும்தான்.

எத்தனை குளிர்காலத்துக்கு மீன் தந்த இடமோ,
எத்தனை கடன் அடைந்ததோ,
மேட்டைத் தொடாமல் ஓரமாய்ப் போகக்
கற்றுக்கொள்ள எத்தனை வலை போனதோ.

"அதையும் பெட்டிக்குள் போடு" என்றாள்.
பிறகு, பென்சில் இல்லாமலே,
அந்தக் கெட்ட வார்த்தை.